தச்சர் வளைத்த கோடும் கணிதர் கண்ட விதியும்

நேர்கோடு வரைவதற்கு ஓர் அளவுகோல் போதும். வட்டம் வரைவதற்கு ஒரு கவராயம் போதும். ஆனால் கடலில் மிதக்கும் கப்பலின் விலாப்புறமும், விமானத்தின் இறக்கையும், மோட்டார் காரின் மேற்கூரையும் நேர்கோட்டிலோ வட்டத்திலோ அடங்குவதில்லை. ஓரிடத்தில் மெல்ல எழுந்து, பிறிதோரிடத்தில் விரைந்து தாழ்ந்து, எங்கும் முறிவின்றிச் செல்லும் இத்தகைய வளைகோடுகளைப் பிழையின்றி வரைவது எவ்வாறு? இவ்வினா தொழில் வல்லாரையும் கணித மேதைகளையும் பல நூற்றாண்டுகள் ஆட்கொண்டிருந்தது. இதற்கு முதலில் விடை கண்டவர்கள் கப்பல் கட்டிய தச்சர்களே. அவர்கள் கண்ட விடை ஏன் சரியானது என்பதைக் கணிதம் எடுத்துரைப்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 'ஸ்பிளைன்' என்று இன்று உலகெங்கும் வழங்கும் வளைகோட்டின் வரலாறு, கைத்திறனாய்த் தோன்றிய ஓர் அறிவு கணிதமாய் மலர்ந்த வரலாறாகும்.

கப்பற் கூடத்தில் பிறந்த கருவி

ஐரோப்பியக் கப்பல் கட்டும் துறைகளில் 'லாஃப்ட்' எனப்படும் அகன்ற கூடங்கள் இருந்தன. கப்பலின் வடிவத்தைத் தாளில் சிறு அளவில் வரைவதோடு தச்சர்கள் நின்றுவிடவில்லை. தாளில் நேரும் நூற்கனப் பிழையும் முழு அளவிற்குப் பெருக்கும்போது விரற்கடைக் கோணலாகிவிடும். ஆதலால் அக்கூடத்தின் தரையிலேயே கப்பலின் கோடுகளை முழு அளவில் வரைந்தனர். அதற்குத் துணை நின்ற கருவி மிக எளியது. வளையும் இயல்புடைய, மெல்லிய, நீண்ட மரச்சட்டம் ஒன்றே அது. ஸ்பிளைன் என்பது அச்சட்டத்திற்குத் தொழிலாளர் வழங்கிய பெயராகும்.

கோடு எந்தெந்தப் புள்ளிகளின் வழியே செல்லவேண்டுமோ அந்தந்த இடங்களில் சட்டத்தை வளைத்து நிறுத்தினர். தரையில் வரையும்போது ஆணிகளும், வரைபடப் பலகையில் வரையும்போது ஈயக் கட்டிகளும் அதனை நகராமற் பிடித்தன. அக்கட்டிகளின் தோற்றத்தைக் கண்ட தொழிலாளர் அவற்றை 'வாத்துகள்' என்றே அழைத்தனர். சட்டத்தை நிறுத்திய பின் அதன் ஓரமாகக் கண்ணை வைத்து நெடுகப் பார்ப்பர். எங்கேனும் மேடோ பள்ளமோ தென்பட்டால் அவ்விடத்துக் கட்டியைச் சற்றே தூக்குவர். சட்டம் துள்ளித் தனக்கு இயல்பான நிலையில் சென்று நிற்கும். புள்ளியிட்டவன் செய்த பிழையை மரம் திருத்திவிட்டது என்பது அதன் பொருள். மரத்தின் தீர்ப்பைத் தச்சர்கள் மறுப்பதில்லை.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. கட்டிகளை எடுத்தவுடன் சட்டம் நிமிர்ந்துவிடும். கோடு மட்டுமே எஞ்சும். அக்கோட்டை வேறோர் ஊரிலுள்ள பட்டறைக்கு அனுப்பவேண்டுமாயின் படியெடுத்தோ, மரத்தில் அச்சு வெட்டியோ அனுப்பவேண்டும். ஒவ்வொரு படியிலும் சிறு பிழை சேரும். வளைகோட்டை எண்களாக எழுதிவைக்க இயலுமாயின் இவ்விடர் நீங்கும். அதற்கு மரச்சட்டத்தின் இயல்பைக் கணிதம் அறிந்தாக வேண்டும்.

மரம் அறிந்திருந்த கணக்கு

வளைந்த சட்டம் எத்தகைய உருவத்தைக் கொள்கிறது என்னும் வினாவைச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த ஜேக்கப் பெர்னூலி 1691ஆம் ஆண்டில் எழுப்பினார். 1694இல் தம் விடையை வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின் அவருடைய தம்பியின் மகனான டேனியல் பெர்னூலி, கணித மேதை ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நுட்பமான கருத்தைத் தெரிவித்தார். வளைக்கப்பட்ட சட்டம் தனக்குள் தேங்கும் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் வடிவத்தையே தேர்ந்துகொள்ளும் என்பதே அக்கருத்து. அதனை அடிப்படையாகக் கொண்டு ஆய்லர், 1744இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில், வளையும் சட்டம் கொள்ளக்கூடிய உருவங்கள் அனைத்தையும் வகைப்படுத்திக் காட்டினார்.

ஆய்லரின் முடிவைச் சிறிதளவே வளைந்த சட்டத்திற்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் எளிய உண்மை புலப்படும். இரண்டு ஈயக் கட்டிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் சட்டத்தை எதுவும் தள்ளுவதில்லை. ஆகவே அப்பகுதியில் சட்டத்தை வளைக்கும் திருப்புதிறன் ஒரே சீராகக் கூடும் அல்லது குறையும். சட்டம் ஓரிடத்தில் எவ்வளவு வளைகிறது என்பது அவ்விடத்துத் திருப்புதிறனைப் பொறுத்தது. எனவே வளைவின் அளவும் ஒரு கட்டியிலிருந்து அடுத்த கட்டி வரை நேர்கோட்டு ஒழுங்கில் மாறுகிறது. வளைவின் அளவு இவ்வாறு மாறுமாயின், கோட்டின் உயரம் முப்படிக் கோவை ஒன்றால் அமையும் என்பது நுண்கணிதத்தின் தொடக்கப் பாடம். அதாவது, இடைவெளிக்கு ஒன்றாக, நீளத்தின் மும்மடியை மிகாத ஒரு வாய்பாடு போதும்.

கட்டி இருக்கும் இடத்தில் நிகழ்வது யாது? அங்கே சட்டம் முறிவதில்லை; ஆதலால் கோடு தொடர்கிறது. மடிவதில்லை, ஆதலால் சாய்வு தொடர்கிறது. வளைவின் அளவும் திடீரெனத் தாவுவதில்லை. ஆனால் கட்டி சட்டத்தைத் தள்ளுவதால், வளைவு மாறும் வேகம் மட்டும் அவ்விடத்தில் தாவுகிறது. இத்தாவலை மனிதனின் கண் காண்பதில்லை. முனைகளிலிருக்கும் கட்டிகளுக்கு அப்பால் சட்டம் கட்டின்றி நேராக நீள்வதால், அம்முனைகளில் வளைவு சுழியாகிறது. கல்வியறியாத தச்சனின் கையிலிருந்த மரத்துண்டு இத்தனை நிபந்தனைகளையும் ஒரு நொடியில் நிறைவேற்றி நின்றது.

ஒரே கோவையின் தோல்வி

மரம் சென்ற வழியில் கணிதர்கள் உடனே செல்லவில்லை. நியூட்டனும் லக்ராஞ்சும் வகுத்த முறைகள் அவர்கள் கையில் இருந்தன. இரு புள்ளிகளின் வழியே ஒரு நேர்கோடு செல்லும். மூன்று புள்ளிகளின் வழியே ஓர் இருபடிக் கோவை செல்லும். பதினொரு புள்ளிகளின் வழியே ஒரு பத்துப்படிக் கோவை செல்லும். புள்ளிகள் எத்தனையாயினும் அனைத்தையும் ஒரே கோவையால் கோத்துவிடலாம் என்பது கேட்பதற்கு இனிய செய்தி. புள்ளிகள் பெருகப் பெருகக் கோவையும் உண்மையான வளைகோட்டை நெருங்கும் என எதிர்பார்ப்பதும் இயல்பே.

அந்த எதிர்பார்ப்பை 1901ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணிதர் கார்ல் ரூங்கே தகர்த்தார். நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும், மணி போன்ற ஓர் எளிய வளைகோட்டை அவர் எடுத்துக்கொண்டார். அதனை -1 முதல் 1 வரையிலான இடைவெளியில் நோக்கினால், நடுவில் அதன் உயரம் 1. இரு முனைகளிலும் 26இல் ஒரு பங்கு. சம தூரத்தில் பதினொரு புள்ளிகளை அதன்மீது குறித்துப் பத்துப்படிக் கோவையை அமைத்தால், அது பதினொரு புள்ளிகளையும் தவறாமல் தொடுகிறது. ஆனால் முனைகளை அடுத்த இடைவெளிகளில் அது பேரலையாய் எழுந்து, ஏறத்தாழ 1.9 அளவுக்குப் பிழைபடுகிறது. மூல வளைகோட்டின் முழு உயரத்தைப்போல் இது கிட்டத்தட்ட இரு மடங்கு! புள்ளிகளை மேலும் கூட்டினால் பிழை குறையாமல் பெருகுகிறது.

இதன் காரணம் ஆழமானது. ஒரே கோவையில் ஒவ்வொரு புள்ளியும் கோடு முழுவதையும் ஆள்கிறது. ஒரு கோடியில் ஒரு புள்ளியை அசைத்தால் மறுகோடி துடிக்கிறது. மரச்சட்டமோ அவ்வாறு அலைவதில்லை. ஓரிடத்தில் செய்த மாற்றம் சில கட்டிகளைக் கடப்பதற்குள் தேய்ந்து அடங்கிவிடுகிறது. பெரிய வாய்பாடு ஒன்றை நாடுவதைவிடச் சிறிய வாய்பாடுகள் பலவற்றைச் செவ்வையாக இணைப்பதே நலம் என்பதே அச்சட்டம் உணர்த்திய பாடம்.

போர்க்காலத்தில் கிடைத்த பெயர்

இப்பாடத்தைக் கணித உலகிற்கு முறையாக எடுத்துரைத்தவர் ஐசக் ஜேக்கப் ஷோன்பெர்க். ருமேனியாவின் கலாட்சி நகரில் 1903இல் பிறந்த இவர், 1930இல் அமெரிக்கா சென்றார்; பின்னர்ப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, மேரிலாந்து மாநிலத்து அபர்டீனிலிருந்த படைத்துறை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். பீரங்கிக் குண்டுகள் செல்லும் பாதையைக் கணித்து அட்டவணைகள் ஆக்குவது அக்கூடத்தின் பணி.

பறந்து செல்லும் குண்டைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சோதனைகளால் அளந்து எண்களாகப் பதிந்து வைத்திருந்தனர். சோதனையில் பெற்ற எண்களில் சிறுசிறு கரடுமுரடுகள் இருப்பது இயற்கை. குண்டின் பாதையையோ எண்ணற்ற சிறு அடிகளாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகக் கணிக்கவேண்டும். அட்டவணையிலுள்ள கரடுமுரடு ஒவ்வோர் அடியிலும் சேர்ந்து முடிவைக் கெடுத்துவிடும். எண்களின் உண்மையைச் சிதைக்காமல் அவற்றை வழவழப்பாக்கும் முறையொன்று தேவைப்பட்டது. ஷோன்பெர்க் அத்தேவைக்கு விடையாக, துண்டு துண்டான கோவைகளைச் சாய்வும் வளைவும் முறியாமல் இணைக்கும் சார்புகளை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1946ஆம் ஆண்டில் இரு பகுதிகளாக வெளியாயிற்று.

புதிய கணிதப் பொருளுக்குப் பெயரிடும் உரிமை அதனை ஆராய்ந்தவருக்கு உண்டு. கிரேக்கத்திலிருந்தோ இலத்தீனிலிருந்தோ ஒரு பெயரை அவர் ஆக்கியிருக்கலாம். தம் பெயரையே பிறர் சூட்டட்டும் என்று வாளா இருந்திருக்கவும் கூடும். அவரோ வரைவாளர் மேசையிலிருந்த மரச்சட்டத்தின் பெயரையே எடுத்து 'ஸ்பிளைன் வளைகோடு' என்றார். பெயர் அறியப்படாத தச்சர் பரம்பரையின் நினைவு இவ்வாறு கணித ஏடுகளில் நிலைபெற்றது.

இச்சார்பின் கணக்கு எவ்வளவு செப்பமானது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஐந்து கட்டிகள் உள்ளன எனக் கொள்க. அவற்றிடையே நான்கு இடைவெளிகள். இடைவெளிக்கு ஒன்றாக நான்கு முப்படிக் கோவைகள். ஒவ்வொன்றிற்கும் நான்கு குணகங்கள். ஆக 16 எண்களைக் காணவேண்டும். ஒவ்வொரு கோவையும் தன் இரு முனைப் புள்ளிகளைத் தொடவேண்டும் என்பதால் எட்டு நிபந்தனைகள். நடுவிலுள்ள மூன்று கட்டிகளிலும் சாய்வு ஒத்திருக்கவேண்டும் என்பதால் மூன்று. வளைவு ஒத்திருக்கவேண்டும் என்பதால் இன்னும் மூன்று. இரு கோடிகளிலும் வளைவு சுழியாகவேண்டும் என்பதால் இரண்டு. எட்டும் மூன்றும் மூன்றும் இரண்டும் கூடினால் 16. வேண்டிய எண்களும் விதித்த நிபந்தனைகளும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன. விடை ஒன்றே ஒன்றுதான். அதனை விரைவில் காணவும் இயலும்.

1957இல் ஹாலடே என்பவர் மற்றோர் உண்மையை நிறுவினார். கொடுத்த புள்ளிகளின் வழியே செல்லும் மென்மையான கோடுகள் அனைத்திலும், இரண்டாம் வகைக்கெழுவின் வர்க்கத்தைக் கோடு முழுவதும் கூட்டினால் வரும் தொகை இம்முப்படி ஸ்பிளைனுக்கே மிகக் குறைவு என்பதே அது. டேனியல் பெர்னூலி மரத்தைப் பற்றிச் சொன்னது கணிதத்தில் வேறு உருவில் மீண்டும் தோன்றியது. இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். சட்டம் மிக அதிகமாக வளையும்போது அதன் உண்மையான உருவம் முப்படிக் கோவையை விட்டு விலகுகிறது. மிதமாக வளையும் வரையில் மரமும் கணிதமும் ஒரே கோட்டில் செல்கின்றன.

இரு பிரெஞ்சுப் பொறியாளர்கள்

ஷோன்பெர்க்கின் ஆராய்ச்சி உடனே பயன்பாட்டிற்கு வந்துவிடவில்லை. கணினிகள் தொழிற்சாலைகளில் நுழைந்த 1960களில்தான் வளைகோடுகளை எண்களாக்கும் முயற்சி வேகம் பெற்றது. விமானத் தொழிலும் மோட்டார் கார்த் தொழிலும் அதில் முன்னின்றன. அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஃபெர்குசன் முப்படி வளைகோடுகளைக் கொண்டு விமானப் பரப்புகளை அமைத்தார். பிரான்சில் இரு பொறியாளர்கள், ஒருவர் பணியை மற்றவர் அறியாமலே, ஒரே உண்மையை வந்தடைந்தனர்.

அவருள் முந்தியவர் பால் டி காஸ்தெல்ஜோ. 1930இல் பெசான்சோன் நகரில் பிறந்து கணிதம் பயின்ற இவர், 1958இல் சித்ரோயன் கார் நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே தம் முறையை எழுதி நிறுவனத்திடம் அளித்தார். புள்ளிகளின் வழியே கோட்டைச் செலுத்துவதை விடுத்து, புள்ளிகளைக் கோட்டின் புறத்தே வைத்து அவற்றால் கோட்டை ஈர்க்கச் செய்வது அவர் வழி.

நான்கு புள்ளிகளை வரிசையாகக் குறித்து அவற்றை மூன்று நேர்கோடுகளால் இணைக்க வேண்டும். அம்மூன்று கோடுகளின் நடுப்புள்ளிகளையும் குறித்து இணைத்தால் இரண்டு கோடுகள் கிடைக்கும். அவ்விரண்டின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரே கோடு எஞ்சும். அதன் நடுப்புள்ளி, தேடிய வளைகோட்டின்மீது இருக்கிறது. அந்தக் கடைசிக் கோடே அவ்விடத்தில் வளைகோட்டைத் தொட்டுச் செல்லும் தொடுகோடு. நடுப்புள்ளிக்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என வேறு விகிதங்களைக் கொண்டால் வளைகோட்டின் பிற புள்ளிகள் கிடைக்கும். கூட்டலும் பாதியாக்கலும் அறிந்த சிறுவனும் செய்யத்தக்க இவ்வேலையே இன்றைய கணினி வரைகலையின் அடித்தளங்களுள் ஒன்று.

ஆனால் நிறுவனம் இதனைத் தொழில் இரகசியமாகப் போற்றி வைத்தது. டி காஸ்தெல்ஜோவின் ஏடுகள் ஆண்டுக்கணக்கில் வெளியுலகைக் காணவில்லை. அதற்குள் ரெனோ நிறுவனத்தில் 1933 முதல் பணியாற்றி வந்த பியேர் பெசியே என்னும் பொறியாளர், 1960களில் இத்தகைய வளைகோடுகளை வேறு வழியில் கண்டறிந்து, 'யூனிசர்ஃப்' என்னும் வடிவமைப்பு முறையை உருவாக்கினார். அவருடைய கட்டுரைகள் வெளியாயின. உலகம் அவ்வளைகோட்டைப் 'பெசியே வளைகோடு' என்றே அழைக்கலாயிற்று. 1972இல் ஃபாரஸ்ட் என்னும் ஆய்வாளர், பெசியேயின் வாய்பாட்டிற்குள் மறைந்திருந்தவை 1912இல் பெர்ன்ஸ்டைன் வேறொரு தேற்றத்தை மெய்ப்பிக்கக் கையாண்ட கோவைகளே எனக் காட்டினார். நடைமுறைக்கு உதவாது என்று அரை நூற்றாண்டாக ஒதுக்கப்பட்டிருந்த கோவைகள் தொழிற்சாலையில் உயிர்பெற்றன.

1970களின் நடுப்பகுதியில்தான் டி காஸ்தெல்ஜோவின் பழைய ஏடுகள் ஆய்வாளர் கண்ணில் பட்டன. வளைகோட்டிற்குப் பெசியேயின் பெயர் நிலைத்துவிட்டது. அதனைக் கணிக்கும் படிமுறைக்கு டி காஸ்தெல்ஜோவின் பெயரைச் சூட்டி அறிஞர்கள் ஓரளவு நீதி செய்தனர். 2012இல் அவருக்கு ஒரு விருது வழங்கப்பட்டது. அவ்விருதின் பெயர் பியேர் பெசியே விருது. பெசியே 1999இலும் டி காஸ்தெல்ஜோ 2022இலும் மறைந்தனர்.

அண்டை வீட்டோடு நிற்கும் மாற்றம்

பெசியே வளைகோட்டிலும் ஒரு குறை இருந்தது. ஒரு புள்ளியை நகர்த்தினால் வளைகோடு முழுவதும் சிறிதேனும் அசையும். காரின் முகப்பைத் திருத்தும் வடிவமைப்பாளர், அதனால் பின்புறம் மாறுவதை விரும்புவதில்லை. இக்குறையை நீக்க ஷோன்பெர்க்கின் ஸ்பிளைனே மீண்டும் துணைக்கு வந்தது. அவரும் ஹாஸ்கெல் கர்ரியும் ஆராய்ந்த அடிப்படை ஸ்பிளைன்கள் சிறு மணி போன்ற வடிவுடையவை. முப்படி வகையில் அவை ஒவ்வொன்றும் நான்கு இடைவெளிகளில் மட்டுமே எழுந்து, மற்றெங்கும் சுழியாய்க் கிடக்கும். இவற்றை அடுக்கிக் கோட்டை அமைத்தால், ஒரு புள்ளியில் செய்யும் மாற்றம் நான்கு இடைவெளிகளோடு நின்றுவிடும்.

இவற்றைப் பிழை பெருகாமல் கணினியில் கணிக்கும் வழியை 1972இல் கார்ல் டி போரும், இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த காக்ஸும் தனித்தனியே வெளியிட்டனர். டி போர் இளமையில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1978இல் அவர் எழுதிய கைந்நூல் இத்துறைக்கு வழிகாட்டியாய் அமைந்தது. கோவைகளின் விகிதத்தைக் கையாளும் வகை 1970களின் நடுவில் உருப்பெற்றபோது, வட்டத்தையும் நீள்வட்டத்தையும் துல்லியமாக வரையும் ஆற்றலும் ஸ்பிளைனுக்கு வாய்த்தது. கப்பலும் விமானமும் காரும் ஒரே கணித மொழியில் எழுதப்படலாயின.

எழுத்தில் வாழும் வளைகோடு

இவ்வளைகோடுகள் தொழிற்சாலையோடு நிற்கவில்லை. 1984இல் வெளிவந்த 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' அச்சுமொழி, எழுத்துகளின் ஓரங்களை முப்படிப் பெசியே வளைகோடுகளால் வரைந்தது. 1991இல் வந்த 'ட்ரூடைப்' முறை இருபடி வளைகோடுகளைக் கையாண்டது. ஈயத்தில் வார்த்த அச்செழுத்து ஓர் அளவிற்கே உரியது. வளைகோட்டால் அமைந்த எழுத்தோ எவ்வளவு பெருக்கினும் சிதையாது. சுழியும் வளைவும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு இது பெரும் பேறு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கி, ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற 'இணைமதி' எழுத்துருவும் இத்தகைய வளைகோடுகளால் ஆனதே. இன்று கணினித் திரையில் தோன்றும் ஒவ்வோர் அகரத்தின் சுழியிலும் சில புள்ளிகளும் அவற்றை இணைக்கும் எளிய கோவைகளும் ஒளிந்திருக்கின்றன.

இந்நெடிய வரலாற்றில் பெயர் நின்றவர் சிலர். பெயர் பிந்தி வந்தவர் ஒருவர். பெயரே நில்லாதவர் பல்லாயிரவர். கப்பற்கூடத் தரையில் குனிந்து, மரச்சட்டத்தின் ஓரமாய்க் கண்ணை வைத்து, ஈயக் கட்டியை மெல்லத் தூக்கிப் பார்த்த தச்சன் நுண்கணிதம் கற்றவனல்லன். எனினும் ஆய்லரின் தேற்றமும் ரூங்கேயின் எச்சரிக்கையும் ஷோன்பெர்க்கின் சார்பும் கூறும் உண்மைக்கு மாறாக அவன் ஒரு கோடும் வரைந்ததில்லை. கணிதம் அவன் அறிவை மெய்ப்பித்தது. எண்களாக்கி எல்லோர்க்கும் உரியதாக்கியது. அவன் கையிலிருந்த கருவியின் பெயரைத் தனக்குச் சூடிக்கொண்டு தன் கடனையும் ஒருவாறு ஒப்புக்கொண்டது.